விடுமுறைக் கட்டுரையில் நான் எழுதாதவை

ஆறாம் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டு வரை புதுத் தவணை தொடங்கினால் தமிழ்ப் பாடத்தில் ஒரு கட்டுரை நிச்சயம் வரும்: "நான் விடுமுறையைக் கழித்த விதம்." அதை எத்தனை தடவை எழுதினேன் என்று எனக்கே கணக்கில்லை. எழுதிய எல்லாவற்றிலும் நான் அதிகாலையில் எழுந்து சுபஹ் தொழுதேன், உம்மாவுக்கு ஒத்தாசை செய்தேன், பாடங்களை மீட்டினேன், உறவினர் வீட்டுக்குச் சென்றேன், ஒரு நாள் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் போய்க் குளிரில் நடுங்கினேன். உண்மையில் நுவரெலியாவை நான் இன்னும் கண்டதில்லை. எங்கள் வகுப்பில் நாற்பது பேர் இருந்தோம். அவர்களில் பாதிப் பேராவது என்னோடு அந்தக் கற்பனை நுவரெலியாவுக்கு வந்திருப்பார்கள்.

படம் பார்த்தேன் என்று எங்களில் ஒருத்தியும் எழுதியதில்லை. "நல்ல நூல்களை வாசித்தேன்" என்று மட்டும் எழுதுவோம், நூலின் பெயர் இருக்காது. இப்போது நான் உயர்தரத்தில் கலைப்பிரிவில் படிக்கிறேன், அந்தக் கட்டுரையை யாரும் கேட்பதில்லை. ஆகவே இந்த முறை கேட்காமலே எழுதுகிறேன், பொய் இல்லாமல். தங்கைமார் வாசிக்க வேண்டும். அவர்களின் உம்மா வாப்பாமாரும் வாசித்தால் இன்னும் சந்தோஷம்.

நம்முடைய விடுமுறைகள் நாட்டின் மற்றப் பிள்ளைகளின் விடுமுறைகளிலிருந்து கொஞ்சம் வேறானவை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை. பாண்டிருப்பிலும் காரைதீவிலும் உள்ள தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு போகும்போது நாம் வீட்டில் கஞ்சிக்கு இஞ்சி, பூண்டு உரித்துக்கொண்டிருப்போம். அது அமல்களுக்கும் அடுப்படிக்கும் உரிய மாதம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொழுதுபோக்குக்கு மிஞ்சுவது டிசம்பர்தான். மாரி மழை விடாமல் பெய்யும், கடல் இரையும், மரவள்ளிக் கிழங்கு அவிந்து கட்டச்சம்பலோடு பாயில் வந்து இறங்கும், பிளேன்டீ ஆவி பறக்கும். இந்த மாதத்தைவிட வாசிப்பதற்கு ஏற்ற மாதம் உலகத்திலேயே இருக்காது என்பது என் எண்ணம். சென்ற ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்த பிறகு பாடசாலை நாள் எது, விடுமுறை நாள் எது என்றே தெரியாமல் எல்லாம் கலந்து போயின. வீட்டிலேயே கிடந்தோம்.

அந்த நாட்களில் ஓர் இரவுதான் நான் பிடிபட்டேன்.

இஷாவுக்குப் பின் எல்லோரும் படுத்துவிட்டார்கள். நான் போர்வைக்குள் கைத்தொலைபேசியை வைத்துக்கொண்டு, ஒரு காதில் மட்டும் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு படம் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றக் காது உம்மாவின் காலடிக்கு. (ஒலிவாங்கி அல்ல, ஒலி கேட்கும் கருவி என்று தமிழ் ஆசிரியை திருத்துவார். வீட்டில் நாம் சொல்வது ஹெட்செட்.) கேட்க வேண்டிய காலடி கேட்கவில்லை. போர்வை உயர்ந்தது.

"என்னத்தகா பாக்காய் இந்த நேரத்துல?"

"பாஸ்ட் பேப்பர் உம்மா."

"பாஸ்ட் பேப்பருக்குள்ள ஒரு பொடியன் ஓடுறானே!"

அந்தப் பொடியன் பெயர் அலி. ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதி 1997இல் எடுத்த 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' படத்தின் கதாநாயகன். தங்கை ஸஹ்ராவின் சப்பாத்தைத் தைக்கக் கொடுத்துவிட்டு வரும் வழியில் தொலைத்துவிடுகிறான். வாங்கித் தர வாப்பாவிடம் காசில்லை என்பது இரண்டு பிள்ளைகளுக்கும் தெரியும். ஆகவே ஒரே சோடிச் சப்பாத்தை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். ஓட்டப் போட்டியில் மூன்றாம் பரிசு ஒரு சோடிச் சப்பாத்து என்று அறிந்து, மூன்றாவதாக வர வேண்டும் என்பதற்காகவே அலி ஓடுகிறான். முழுக் கதையும் இவ்வளவுதான். வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஒஸ்கார் பரிந்துரை வரை போன படம். 2022இல் 'அக்கா குருவி' என்ற பெயரில் தமிழிலும் எடுத்தார்கள்.

இதில் ஒளித்துப் பார்க்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. தலையை மூடிய பிள்ளைகளும், பள்ளிவாசலுக்குச் சீனி உடைத்துக் கொடுக்கும் ஏழை வாப்பாவும், நோயாளி உம்மாவும்தான். ஆனாலும் நான் ஒளித்துத்தான் பார்த்தேன், பொய்யும் சொன்னேன். படம் என்றாலே ஒளிக்க வேண்டியது என்று எனக்குப் பழகிவிட்டது. நல்லது எது, கூடாதது எது என்று யாரும் என்னோடு இருந்து பிரித்துக் காட்டியதில்லை. ஆகவே எல்லாமே போர்வைக்குள் போயின. நான் சொல்ல வந்த கருத்து இதுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருவதுதான்.

உம்மா ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மறுகா என்ன நடந்த?" என்று கேட்டார். நான் ஹெட்செட்டைக் கழற்றினேன். பாரசீக மொழி இருவருக்கும் தெரியாது, ஆங்கில வரிகளை நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். படம் முடிந்ததும் உம்மாவுக்குக் கோபம். "அந்தப் புள்ளைக்குச் சப்பாத்து கிடைச்சதா இல்லையா? இப்புடி நடுவுல விட்டுட்டுப் போறானே!" பின்னுக்கு இழுத்து ஒரு காட்சியைக் காட்டினேன். வாப்பாவின் சைக்கிளில் சாமான்களோடு புதுச் சப்பாத்துகள் இருக்கும். ஒரு கணம்தான், தவறவிட்டால் தெரியாது. உம்மா அந்தக் கணத்தை மூன்று தடவை பார்த்தார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் படம் பார்ப்பது போர்வைக்கு வெளியே வந்தது. உம்மா தெரிவு செய்யச் சொல்வார், நான் முதலில் படத்தைப் பற்றி வாசித்துச் சொல்ல வேண்டும், பிடிக்காத இடம் வந்தால் நிறுத்த வேண்டும். இது உம்மா போட்ட சட்டம், எனக்கும் சம்மதம்தான். அப்படித் தெரிவான இரண்டாவது படம் 'வஜ்தா'. 2012இல் வந்தது. முழுவதும் சவூதி அரேபியாவுக்குள்ளேயே எடுக்கப்பட்ட முதல் முழுநீளத் திரைப்படம், எடுத்தவர் ஹைஃபா அல்-மன்சூர் என்ற பெண். தெருவில் ஆண்களோடு நின்று வேலை செய்ய முடியாத இடங்களில் அவர் ஒரு வேனுக்குள் இருந்துகொண்டு வோக்கி டோக்கியில் சொல்லிச் சொல்லிப் படமாக்கினார். அப்போது அந்த நாட்டில் படமாளிகையே இல்லை, 2018இல்தான் திறந்தார்கள்.

ரியாத்தில் ஒரு சின்னப் பெண்ணுக்குப் பச்சைச் சைக்கிள் ஒன்றின் மேல் ஆசை. காசு சேர்ப்பதற்காகப் பாடசாலையில் நடக்கும் குர்ஆன் ஓதும் போட்டியில் சேர்கிறாள். காசுக்காகச் சேர்ந்தவள் தஜ்வீதோடு ஓதப் பழகும் காட்சிகளில் உம்மா படத்தை மறந்து அவளோடு சேர்ந்து மெதுவாக ஓதத் தொடங்கிவிட்டார். பரிசை அவள் என்ன செய்யப் போகிறாள் என்று கேட்கும்போது சொல்லும் பதிலும், அதற்குப் பிறகு நடப்பதும் நீங்களே பார்க்க வேண்டியவை. நம் தெருக்களில் சைக்கிளில் வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் எத்தனையோ பேர். வஜ்தாவுக்கு ஒரு படம் முழுக்கத் தேவைப்பட்ட சைக்கிள் நமக்கு வாசலில் சாத்திக் கிடக்கிறது என்று நினைத்தபோது எனக்கு ஒரு பெருமை வந்தது. அந்தச் சைக்கிள் எந்தெந்த இடங்களுக்குப் போகலாம், எந்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்று நினைத்தபோது பெருமை கொஞ்சம் குறைந்தது.

சென்ற ஆண்டு வந்த தமிழ்ப் படங்களில் இரண்டைச் சொல்ல வேண்டும். 'டூரிஸ்ட் ஃபேமிலி'யை வாப்பாவும் இருந்து பார்த்தார். பொருளாதார நெருக்கடியில் இலங்கையை விட்டுக் கடல் கடந்து போகும் ஒரு குடும்பத்தின் கதை. 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. சிரித்தோம், கண் கலங்கினோம். எனக்கு ஒரு மனக்குறை மட்டும் உண்டு. இலங்கைத் தமிழ் என்றால் சினிமாக்காரருக்கு யாழ்ப்பாணத் தமிழ் ஒன்றுதான். "மறுகா" என்றும் "என்னகா" என்றும் ஒரு பாத்திரம் பேசுவதைத் திரையில் கேட்க எனக்கு ஆசை.

மற்றது ராமின் 'பறந்து போ'. உம்மாவும் வாப்பாவும் வேலைக்குப் போக வீட்டுக்குள் பூட்டப்பட்டுக் கிடக்கும் ஒரு சிறுவன், தகப்பனோடு மோட்டார் சைக்கிளில் ஊரை விட்டே புறப்படுகிறான். நல்ல படம். பார்த்து முடித்ததும், "இதுல பொம்புளப் புள்ளையா இருந்திருந்தா?" என்று கேட்டேன். காக்கா சிரித்தான். அவன் விடுமுறையில் காலையில் கிரிக்கெட் மட்டையோடு போனால் மஃரிபுக்கு வருவான். எனக்கும் அவனுக்கும் விடுமுறை ஒரே நாளில்தான் தொடங்குகிறது. ஆனால் எனக்கு அது பாடசாலையிலிருந்து அடுப்படிக்கும் டியூசனுக்கும் கிடைக்கும் இடமாற்றம். உம்மாவிடம் இதை ஒரு நாள் கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டேன். அவர் மீன் வெட்டிக்கொண்டே, "எனக்கு எப்ப மகள் லீவு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் காக்கா கழுவினான். உடனே திருந்திவிட்டான் என்று நினைக்க வேண்டாம், வாரத்தில் இரண்டு நாள்தான்.

புத்தகங்களுக்கு வருகிறேன். இதில் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் எனக்குக் கொஞ்சம் கோபமுண்டு, என்மேலும்தான். தூரத்து ஊர் எழுத்தாளர்களை அறிந்த அளவுக்கு நாலு தெரு தள்ளி இருந்தவர்களை நமக்குத் தெரியாது. எம்.ஏ. நுஃமான் 1944இல் கல்முனைக்குடியில் பிறந்தவர். 'மழைநாட்கள் வரும்' என்ற அவருடைய கவிதைத் தொகுப்பை நான் எடுத்தது தலைப்புக்காகத்தான், வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. பிறகு அவர் மொழிபெயர்த்த 'பலஸ்தீனக் கவிதைகள்'. ஒவ்வொரு நாளும் செய்தியில் காஸாவைப் பார்த்துத் துஆக் கேட்கிறோம். அந்த மக்களின் கவிஞர்களை நாற்பது வருடங்களுக்கு முன்பே நம் ஊர்க்காரர் ஒருவர் தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்பது எனக்குப் பதினேழு வயதில்தான் தெரிந்தது.

ஆர்.எம். நௌஷாத்தின் 'நட்டுமை' காலச்சுவடு நடத்திய சுந்தர ராமசாமி நினைவு நாவல் போட்டியில் பரிசு பெற்றது. அதில் பேசுகிறவர்கள் நம்மைப் போலவே பேசுகிறார்கள். புரியாத வயற்சொல் வந்தால் வாப்பாவிடம் கேட்பேன். ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லத் தொடங்கி, அவருடைய வாப்பா வயல் செய்த காலத்துக்குப் போய், அரை மணித்தியாலம் கழித்துத்தான் திரும்புவார். நாவல் முடிய இரண்டு வாரம் பிடித்தது. வாப்பாவோடு நான் அவ்வளவு நேரம் கதைத்தது அதுவே முதல் தடவை.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் தொகுத்த 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்'. கிழக்கிலங்கையில் வாய்வழியாகப் பாடப்பட்ட நாட்டார் கவிகள், பெரும்பாலும் காதல் கவிகள். அதை எங்கள் மூத்தம்மாவுக்கு முன்னால் சத்தமாக வாசித்தேன். ஓர் அடியைத் தொடங்குவேன், மிச்சத்தை அவர் முடிப்பார். சில இடங்களில் புத்தகத்தில் உள்ளதும் அவர் சொல்வதும் வேறு வேறாக இருந்தன. "நாங்க இப்புடித்தான் படிக்கிற" என்று பிடிவாதமாக நின்றார். பிறகு வெட்கம் வந்து முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு, "இதெல்லாத்தையும் புத்தகத்துலயா போட்டிருக்கா? வயலுக்குள்ள படிக்கிறத்தயா?" என்று சிரித்தார். எழுதப் படிக்கத் தெரியாத மூத்தம்மாவின் தலைக்குள் அச்சில் வராத ஒரு புத்தகம் இருப்பதை அன்று கண்டேன். பதினொரு கவிகளை அப்பியாசக் கொப்பியில் எழுதி எடுத்தேன். இந்த விடுமுறையில் நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான், எந்தப் பரீட்சைக்கும் உதவாது.

நம்மைப் போன்ற ஒரு பெண் எழுதி உலகப் பரிசு வாங்கியதையும் சென்ற ஆண்டு கண்டோம். கர்நாடகாவின் பானு முஷ்தாக், கன்னடத்தில் எழுதிய கதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பான 'ஹார்ட் லாம்ப்'புக்காக 2025 மே மாதம் சர்வதேச புக்கர் பரிசைப் பெற்றார். சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. உம்மாவிடம் படத்தைக் காட்டியபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "இவக்கு எழுதுறத்துக்கு யாரு நேரம் குடுத்த?"

நேரம் கொடுப்பது, பறிப்பது பற்றிப் பேசும்போது தமிழகத்தின் சல்மாவைச் சொல்லாமல் விட முடியாது. துவரங்குறிச்சியில் பதின்மூன்று வயதுச் சிறுமியாக இருந்தபோது தோழிகளோடு ஒரு படம் பார்க்கப் போனார். அது பிள்ளைகள் பார்க்கக் கூடாத படம் என்று உள்ளே போன பிறகுதான் தெரிந்தது. அதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதன் பின் வீட்டுக்குள் இருந்து, கிடைத்த புத்தகங்களை வாசித்துத்தான் கவிஞரானார், 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யை எழுதினார். (அந்த நாவலை இன்னும் இரண்டு மூன்று வருடம் கழித்து வாசி என்று என் ஆசிரியை சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.) ஒரு மத்தியானப் படத்துக்குத் தண்டனை ஒரு முழுப் படிப்பு. அவர் எழுதி வெளியே வந்தார். அவரோடு அன்று போன மற்றச் சிறுமிகளை நமக்குத் தெரியாது.

இங்கே இப்போது அந்த அளவுக்கு யாரும் செய்வதில்லை என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் என் தோழி ஒருத்தியின் அண்ணன் அவளுடைய தொலைபேசியில் படம் இருந்ததைக் கண்டு அதைப் பறித்துக்கொண்டான். என்ன படம் என்று கேட்கவில்லை. அந்தத் தொலைபேசியில்தான் அவளுடைய வகுப்புக் குறிப்புகளும் இருந்தன. அவள் இப்போது படம் பார்ப்பதில்லை என்று வீட்டில் நம்புகிறார்கள். எங்கே பார்க்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

பெற்றோரின் பயம் வெறும் பயமல்ல என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் என்னென்ன வந்து விழுகிறது என்று நமக்குத்தான் நன்றாகத் தெரியும். பயப்படுகிறவர்கள் தள்ளி நின்று பயப்படாமல் பக்கத்தில் வந்து உட்காருங்கள் என்றுதான் கேட்கிறேன். டிசம்பரில் காலை ஏழு மணிக்கு டியூசன், பத்து மணிக்கு இன்னொன்று, பின்னேரம் மற்றொன்று என்று நிரப்புகிறீர்களே, அதில் ஒன்றைக் குறைத்து அந்த நேரத்தைப் பாயில் எங்களோடு செலவழித்தால் பெறுபேறு குறையாது. பாடசாலை நூலகம் விடுமுறையில் பூட்டிவிடும். வாசிக்க நேரமுள்ள காலத்தில்தான் பூட்டு! தவணை முடியும் நாளில் ஆளுக்கு மூன்று புத்தகம் கொடுத்தனுப்பினால் என்ன? அதுவரை நூலகம் இணையத்தளம் இருக்கிறது. 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. இப்போது கடையில் வாங்க முடியாத நம் ஊர்ப் புத்தகங்களை நான் அங்கேதான் கண்டேன்.

ஒன்று விட்டுப்போயிற்று, கடல். 'ஹோ கானா பொகுண' என்ற சிங்களப் படம் ஒன்று உண்டு, இந்திக பெர்டினாண்டோ எடுத்தது. தூரத்துக் கிராமத்துப் பாடசாலைப் பிள்ளைகள் சிலர் கடலைக் காண ஆசைப்படுகிறார்கள். பிள்ளைகளும் பார்க்கலாம். சிங்களம் தெரியாவிட்டாலும் புரியும். அதைப் பார்க்கும்போது எங்கள் வீட்டு யன்னலுக்குள்ளால் கடல் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. கடலுக்கு ஐந்நூறு மீற்றரில் இருக்கும் நான் வருடத்தில் எத்தனை தடவை அதன் முன்னால் நிற்கிறேன்? பெருநாளைக்கு ஒரு தடவை, யாராவது வெளியூர் உறவினர் வந்தால் ஒரு தடவை.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், பாடசாலை விடுமுறை. பிள்ளைகள் எல்லோரும் வீட்டில் இருந்த காலைப்பொழுதில்தான் கடல் வந்தது. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டம். உம்மாவின் சாச்சியும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் மருதமுனையில் போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் அது டிசம்பர் விடுமுறைதான். நான் பிறக்கும் முன் நடந்தது, எனக்கு அது கேள்விப்பட்ட கதை. உம்மாவுக்கு அப்படி அல்ல. அந்தச் சிங்களப் படத்தில் பிள்ளைகள் கடலுக்காக ஏங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து குசினிக்குப் போய்விட்டார். நான் கூப்பிடவில்லை.

நாலைந்து நாள் கழித்து, மழை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின், "கடலடிக்குப் போவமா?" என்று அவரே கேட்டார். வாப்பா, உம்மா, காக்கா, நான், முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூத்தம்மா. தோணிகளைக் கரையேற்றி வைத்திருந்தார்கள். கச்சான் வாங்கினோம். உம்மா தண்ணீருக்கு அருகில் போகவில்லை. மணலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கணுக்கால் அளவுக்குப் போய் நின்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார்:

"அந்தச் சைக்கிள் புள்ளைட படத்த ராவைக்கு இன்னொருக்காப் போடு மகள். சாச்சியும் புள்ளயளும் வாறாங்களாம்."